மனித வாடை என்னும் வேலி: காட்டுப்பன்றித் தடுப்புமுறை ஒன்றின் திறனாய்வு

வட அமெரிக்காவில் நாயினத்தைச் சேர்ந்த கயோட்டியை வேட்டையாடுவோர், மணமற்ற சோப்பு, கரித்துகள் ஏற்றிய உடை முதலியவற்றால் தம் உடல் வாடையை மறைக்க முயல்கையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவார உழவர்களோ காட்டுப்பன்றியிடமிருந்து மக்காச்சோளத்தையும் கரும்பையும் காக்க அதே வாடையை வலிந்து பரப்புகின்றனர். முடிதிருத்தும் கடைகளில் சேரும் தலைமுடியை வரப்போரம் தூவுவதும், உடுத்திக் கழித்த சேலைகளைப் புஞ்சையைச் சுற்றிக் கட்டுவதும் இம்முறையின் இரு வடிவங்கள்.

பன்றியின் மோப்பத்திறன் இதற்கு வலுவான அடிப்படை. மணத்தை உணரும் புரதங்களாகிய மோப்ப ஏற்பிகளுக்குரிய மரபணுக்கள் பன்றியிடம் ஏறத்தாழ 1,300 உள்ளன. மனிதரிடம் செயற்படுபவை 400 அளவிலேயே உள்ளன. செலவு மிகக் குறைவு என்பதோடு, யானையையும் கொல்லும் கள்ள மின்வேலி, தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் ஆகியவற்றைப் போலன்றி இது எவ்வுயிரையும் பலிகொள்வதில்லை என்பது, 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட இம்மலையின் அடிவாரத்தில் சிறிய நன்மையன்று.

ஆயினும் முடி எவ்வாறு தடுக்கிறது என்பதிலேயே தெளிவில்லை. மண்ணைக் கிளறும் பன்றியின் மூக்கில் முடி புகுந்து உறுத்துவதாகச் சிலர் விளக்குவர். அது உண்மையாயின், வேலை செய்வது வாடையன்று, கிளறாமல் நடந்து நுழையும் பன்றியை முடி தடுக்கவும் செய்யாது. வாடையே காரணமெனில், காற்றின் திசையைக் கருதியாக வேண்டும். இவ்வடிவாரத்து ஊராகிய தளவாய்புரத்துக்கு மேற்கே மலை இருப்பதால், குளிர்ந்த இரவுக்காற்று பெரும்பாலும் சரிவிலிருந்து சமவெளி நோக்கி இறங்குகிறது. மலையிலிருந்து வரும் பன்றிக்கு அது முதுகுக்காற்று, ஆகவே வரப்பை நெருங்கும்வரை எச்சரிக்கை எட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று திசையை மாற்றலாம், ஆனால் அப்பருவத்து மழையே முடியிலுள்ள எண்ணெய்ப்பசையைக் கழுவிவிடும்.

இவற்றினும் ஆழமான குறை வேறொன்று. கரியேற்றிய உடை அணிந்தோரையும் மோப்பநாய்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவதை ஆய்வாளர் ஜான் ஷிவிக் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாடையை மறைப்பது அரிது என்பதற்கு அது சான்றாகுமே தவிர, வாடையை உணர்ந்த விலங்கு விலகிவிடும் என்பதற்குச் சான்றாகாது. விலகச் செய்வது அச்சம். அந்த அச்சமோ மனிதரால் நேர்ந்த துன்பத்திலிருந்து கற்றது. குப்பைமேட்டிலும் தோப்பிலும் மனித வாடையோடு உணவையும் சேர்த்துக் கண்ட பன்றிக்கு முடி எதை உணர்த்தும்? இரவுக்காவலோ நாயோ உடனிருக்கும் புஞ்சையில் வாடைக்குப் பொருளுண்டு. ஆளில்லாப் புஞ்சையில் பன்றி அதற்கு விரைவில் பழகிவிடும்.

காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். முதல் கிலோமீட்டருக்குள் சுடவும் பிடிக்கவும் இடமில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்பு நோக்கில் இது சரியே எனினும், முடித்தூவலை மிகுதியும் நம்பியிருக்கும் காட்டோரப் புஞ்சைகள் அந்த முதல் கிலோமீட்டருக்குள்ளேயே அமைகின்றன.