பல்லின் முதுகுப்புறம்

நாக்கு நுனியை மேல் முன்பற்களின் பின்னால் மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒரு குழிவு, இருபுறமும் விளிம்பு, ஈறோரத்தில் சின்ன மேடு. ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இராது. வெளியே தெரியாத உட்புறப் பல்கம்பியைப் பிடித்திருக்கும் பிராக்கெட் இந்த மேடுபள்ளத்தில்தான் ஒட்ட வேண்டும். வாயை ஸ்கேன் செய்து, திரையில் பற்களை ஒவ்வொன்றாக நேராக்கி, அந்தந்தப் பல்லின் முதுகுக்கென்றே பிராக்கெட்டின் அடித்தளத்தை வரைகிறார்கள். கம்பியை ரோபோ வளைத்துத் தருவதும் உண்டு.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நுணுக்கம். முன்பற்களைப் பின்னுக்கு இழுத்தால் வெளியே தெரியும் பகுதி சுலபமாகச் சாய்ந்து வந்துவிடும். வேர் எலும்புக்குள் நகராமல் நின்றுவிடும். வேரையும் கூட்டிவர, செவ்வகக் கம்பியில் ஒரு முறுக்கு வேண்டும். அதைத்தான் மருத்துவர்கள் டார்க் என்கிறார்கள். கம்பிக்கும் பிராக்கெட்டின் பள்ளத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருப்பதால் முறுக்கில் கொஞ்சம் வீணாகிவிடும். ஆகவே அந்த இழப்பையும் கணக்கிட்டு, முன்பற்களுக்குரிய பகுதியில் மட்டும் சில டிகிரி முறுக்கைக் கணினியிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். எத்தனை அழகான முன்யோசனை! பிறகு எல்லாம் பொறுமைதான். எலும்பு ஒருபுறம் கரைந்து மறுபுறம் வளர, மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். சிறு கண்ணாடியில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்தபடி, நாக்கை ஒதுக்கி, கம்பியைப் பள்ளத்தில் முழுதாகப் படியவைக்கும் விரல்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எந்த மென்பொருளும் அந்த வேலையைச் செய்து தருவதில்லை.