வாத்தியத்தின் விலை

சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. என்ன வாசித்தார் என்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். வாசித்த வாத்தியம் எங்கே வாங்கியது, என்ன விலை என்று கேட்கிறவர்கள் மற்றொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தார் பெருகிக்கொண்டு வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைக்கு மாண்டலின் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிற தகப்பனார் முதலில் தேடுவது வாத்தியாரை அல்ல, விலைப்பட்டியலை. உயர்ந்த வாத்தியம் நம் சம்பளத்துக்குக் கட்டாது என்று தெரிந்ததும், ஆசையையும் மடித்து அந்தப் பட்டியலோடு வைத்துவிடுகிறார். எங்கள் புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்தே மூன்று பிள்ளைகளின் சங்கீதம் இப்படி ஆரம்பமாகாமலே முடிந்துபோயிற்று.

விலையுயர்ந்த வாத்தியம் இல்லாமல் பெரிய சங்கீதம் வராது என்று சொல்ல வேறு எந்த ஊர்க்காரருக்காவது உரிமை இருக்கலாம். புதுக்கோட்டைக்காரருக்குக் கிடையாது. கஞ்சிரா என்பது என்ன? ஒரு சாண்கூட அகலமில்லாத பலாக்கட்டை வளையம்; ஒரு பக்கம் உடும்புத் தோல்; கட்டையில் வெட்டிய துளையில் ஒலிக்க இரண்டு மூன்று காசுகள். சுருதி கூட்ட வார் கிடையாது. தோலின் பின்புறத்தில் தண்ணீர் தெளித்து இறக்கிக்கொள்ள வேண்டும். காய்ந்தால் மறுபடியும் ஏறிவிடும். பஜனைக் கூட்டத்தில் தட்டுவதற்கு இருந்த இதைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) அதே கட்டையை வைத்துக்கொண்டு பெரிய பெரிய வித்வான்களைக் கணக்கில் திணற அடித்தார். அந்தக் கஞ்சிராவின் விலையைக் கேட்டு எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை.

இன்னும் பழைய சாட்சியும் இருக்கிறது. ஊரிலிருந்து அன்னவாசல் பக்கமாகப் போனால் குடுமியான்மலை. குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் சங்கீதக் கல்வெட்டு. ஏழு ராகங்களுக்கு உரிய ஸ்வரங்களை நான்கு நான்காகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு ஸ்வர எழுத்தும் அகரம், இகரம், உகரம், எகரம் என்று நான்கு உயிரோடு மாறி மாறி வருகிறது. அது நுட்பமான சுருதி பேதத்தைக் குறிக்கிறது என்பார் ஒரு சாரார். வீணைத் தந்தியை எப்படி மீட்டவேண்டும் என்ற குறிப்பு என்பார் மற்றொரு சாரார். பண்டிதர்களின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் இரண்டாவது கட்சி. கல்லில் வெட்டுவதற்கு இடம் குறைவு, உழைப்பு அதிகம்; அப்படியும் மீட்டுக்காக எழுத்தைச் செலவு செய்தார்கள் என்று நினைக்கப் பிடித்திருக்கிறது. வீணை எந்த மரத்தில் செய்தது என்று அவர்கள் எழுதவில்லை.

மாண்டலினுக்கு வருகிறேன். அது இத்தாலியிலிருந்து வந்த வாத்தியம். நான்கு ஜோடித் தந்திகள், பிடிலைப்போலச் சுருதி. தட்டின ஒலி உடனே செத்துவிடும். அதனால் மேல்நாட்டார் மேலும் கீழுமாக வேகமாகத் தட்டி, ஒலி நிற்கிற மாதிரி ஒரு பிரமையை உண்டாக்குவார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு இது உதவாது. நமக்கு ஒரு ஸ்வரம் அசைந்து நெளிந்து அடுத்த ஸ்வரத்தில் போய்ச் சேரவேண்டும். ஆந்திர தேசத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளைத் தள்ளிவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தியானதால் இழுத்துக் கமகம் கொடுக்க முடிந்தது. மின்சாரத்தால் ஒலி நின்றது. சிறு பையனாகச் சென்னை மேடைக்கு வந்தவரைப் பார்த்து முகம் சுளித்தவர்களே பிறகு முன் வரிசைக்கு இடம் பிடித்தார்கள். 2014இல், 45 வயதில், போய்விட்டார்.

ஜனங்கள் அவருடைய வேகத்துக்குக் கைதட்டினார்கள். நான் அவரைக் கேட்டது விளம்ப காலத்துக்காக. ஒரு முறை தந்தியைத் தொட்டால் அந்த ஒரு தொடலிலேயே நாலைந்து ஸ்வரங்களை ஏற்றி இறக்கிக் கொண்டுபோவார். அவருக்குப் பின்னால் வந்த சிலர் செய்வது நேர் விரோதம்: ஸ்வரத்துக்கு ஒரு தட்டு. கிருதியின் வார்த்தை வெட்டுக்கத்தி பட்ட கீரைத்தண்டு மாதிரி துண்டு துண்டாக விழுகிறது. சாகித்யத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கேதான் மீட்டு விழவேண்டும் என்பது வீணைக்காரர்களுக்குப் பால பாடம். ஒரு மாண்டலின் கச்சேரியை எடைபோட எனக்கு வேறு தராசு தெரியவில்லை.

இந்த மீட்டு நடக்கிற இடம் ஒரு சிறு வில்லை. கடையில் ‘பிக்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மெல்லியதாக இருந்தால் வளைந்து சடசடக்கும். தடித்திருந்தால் நாதம் உருண்டு வரும். முனை கூர்மையானால் ஒலி பளிச்சென்று இருக்கும், மழுங்கினால் கனக்கும். விரல் இறுக்கிப் பிடித்தால் எல்லாமே கெட்டது. முன்பு அழுங்காமை ஓட்டில் செய்தார்கள். 1970களில் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை வந்தது. எங்கள் உடும்பையும் 1972ஆம் வருஷத்துச் சட்டம் காப்பாற்றுகிறது. கஞ்சிராவுக்கு இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும். நாதம் போச்சு என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உடும்பைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் சொல்லும்.

விலை மயக்கம் நம்மோடு நிற்பதில்லை. 2012இல் பாரீஸ் பக்கத்தில் பத்துப் பிடில் வித்வான்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ராடிவாரி செய்தவை உட்பட ஆறு பழைய பிடில்களையும் ஆறு புதியவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேர் புதியதையே விரும்பினார்கள். அமெரிக்காவில் பில் மன்றோ என்ற மாண்டலின்காரர் 1940களில் ஒரு சலூனில் கிடந்த 1923ஆம் வருஷத்து கிப்ஸன் மாண்டலினை 150 டாலருக்கு வாங்கினார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை அடித்து நொறுக்கினார்கள். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, மறுபடியும் வாசித்தார். அதன் இனத்தைச் சேர்ந்தவை இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல். அவர் வாசித்ததால்தான் அந்த விலை. விலையால் அவர் வாசிக்கவில்லை.

அதற்காக எந்தக் குப்பையையும் வாங்கலாம் என்று சொல்லமாட்டேன். கழுத்து வளைந்து, மெட்டுக்கள் சுருதி தப்பி, தந்தி விரற்கடை உயரத்தில் நிற்கிற மாண்டலின் பிள்ளையின் விரலையும் காதையும் சேர்த்துக் கெடுக்கும். அந்தக் குறைகள் இல்லாத சாதாரண வாத்தியம் போதும். வாத்தியார் ஒருவரைக் கூட்டிப்போய் நாலு மெட்டுக்களைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். கூடவே வெவ்வேறு கனத்தில் ஐந்தாறு பிக்குகளை வாங்கிப் பையன் கையில் கொடுங்கள். எது தன் விரலுக்கு ஒத்துவருகிறது என்று ஒரு வாரத்தில் அவனே சொல்லுவான். கிப்ஸனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ச் சலூன்களில் இதுவரை அகப்படவில்லை.