குடிலுக்கு வந்து போவோர்: கிறித்து பிறப்பு இலக்கியத்தில் நிறமும் குலமும்

முன்னுரை

பாலாற்று நீரைத் தேக்கிக் கோலார் தங்கவயலுக்கு வழங்கிய ஊர் பேத்தமங்களா. 1880களில் ஆங்கிலேய நிறுவனத்தாரால் விரிவாகத் தொடங்கப்பெற்று 2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களை நம்பி இவ்வட்டாரத்தில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். ஐரோப்பியரின் பங்களாக்களும் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பும் தொழிலாளரின் 'லைன்' வீடுகளும் அன்று தனித்தனியே அமைந்திருந்தன. கிறித்து பிறப்புத் திருநாள் ஒன்றே. அதனைக் கொண்டாடிய முற்றங்கள் வேறுவேறு.

இத்திருநாளில் வீடுதோறும் வைக்கப்பெறும் குடிலை நோக்குக. கடைகளில் விற்கும் பொம்மைத் தொகுதியில் குழந்தையும் தாயும் சூசையும் வெண்ணிறத்தவர். மூன்று அரசருள் ஒருவர் மட்டும் பெரும்பாலும் கருநிறத்தவர். குடிலைக் கட்டிய கைகளின் நிறம் குடிலுக்குள் காணப்படுவது, வணங்கிவிட்டுத் திரும்பும் அவ்வொருவரிடத்தில்தான். இந்நிலையைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

திணையும் நிறமும்

மத்தேயு நற்செய்தி கீழ்த்திசை ஞானிகளைக் குறிப்பிடுகிறதேயன்றி அவர்தம் எண்ணிக்கையையோ நிறத்தையோ கூறவில்லை. காணிக்கைகள் மூன்றாதலின் வந்தோரும் மூவர் எனக் கொள்ளப்பட்டனர். அவருள் ஒருவரைக் கருநிறத்தவராகத் தீட்டும் மரபு ஐரோப்பிய ஓவியத்தில் நிலைபெற்றது 15ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே நிறம் மூலநூலின் செய்தியன்று. பிற்காலத்தார் ஏற்றிய பொருள்.

தமிழ்ப் புலவர் இச்சிக்கலை நிறத்தால் அணுகவில்லை, திணையால் அணுகினர். இத்தாலியரான வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, யூதேயாவைத் தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வளத்தோடு புனைகிறது. சூசை 'வளன்' என்னும் தமிழ்ப் பெயர் பெறுகிறார். உழைத்துண்ட தச்சர் ஒருவர் 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்தின் தலைவராவது சிறப்பே. எனினும் தாவீதின் அரச மரபே அவரது தலைமைக்குத் துணைநிற்கிறது. நிலம் தமிழாயிற்று, தலைமைக்குக் குலச்சிறப்பு வேண்டும் என்னும் காப்பிய விதி மாறவில்லை.

குறத்தியின் குரல்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இதனினும் ஒருபடி மேற்செல்வது. பெத்லகேம் நாதரை விரும்பும் தலைவிக்குக் குறி கூறுபவள் குறத்தி. இலக்கியத்தின் நடுவிடத்தில் விளிம்புநிலைப் பெண்ணொருத்தியை நிறுத்துவது குறவஞ்சிக்கே உரிய இயல்பு. உலக நாடுகளைப் பற்றிய புதிய அறிவையும் புதிய வானியலையும் இந்நூலுள் கொணர்ந்த சாஸ்திரியார், அப்பழைய வடிவத்தைத் தம் காலத்து அறிவுக்குரிய களமாக விரித்தார். மீட்பின் செய்தி வெள்ளையர் வாயிலாக வராமல் தமிழ்க் குறத்தியின் வாயிலாக வருகிறது. இனநோக்கில் இது பெரிய திருப்பமாகும்.

ஆயினும் இங்கு ஒரு முரண் எழுகிறது. 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டபோது, வேளாளக் குடியினரான சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். தமிழ்ப் பாடல்களையும் தமிழர் வழக்கங்களையும் காத்து நின்ற அதே எழுத்தே சாதி வழக்கத்தையும் காத்து நின்றது. ஐரோப்பியர்முன் தமிழ் மரபுக்காக வாதாடியவர், தம் சபையில் தமக்குக் கீழ் வைக்கப்பட்ட தமிழருக்காக வாதாடவில்லை.

குறத்தி ஓர் உருவகம். அவளைக் கொண்டு சாதியை அளத்தல் தகாது எனச் சிலர் கூறலாம். இவ்வாதம் முழுமையும் தள்ளத்தக்கதன்று. சமய உட்பொருளே அந்நூலின் நோக்கம். ஆனால் உருவகத்திற்கு உயிர் தருவது மெய்யான குறத்தியின் மொழியும் நடையும் தொழிலும் அல்லவா? அவளது சொல்லை ஏற்று, அவளுக்குச் சம இருக்கையை மறுத்தல் இயலும் என்பதையே சாஸ்திரியாரின் வாழ்வும் நூலும் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்விடத்தில் குடிலின் கரிய அரசரும் குறவஞ்சியின் குறத்தியும் ஒரு நிலையினர் ஆகின்றனர். இருவரும் தொலைவிலிருந்து வருபவர். பிறர் அறியாததை அறிந்தவர். அவர் காணிக்கை தருகிறார். அவள் பரிசில் பெறுகிறாள். பின்பு இருவரும் சென்றுவிடுகின்றனர். வருகைக்குச் சிறப்பு உண்டு, உறைவதற்கு இடமில்லை. இடம்பெறுதலும் இடங்கொள்ளுதலும் வேறு என்பதைத் திறனாய்வு மறத்தலாகாது.

முடிவுரை

ஞானியர் காணிக்கையுள் ஒன்று பொன். தங்கவயலில் பொன்னை அகழ்ந்தோரும் தொலைவிலிருந்து வந்தவரே; அவர் அகழ்ந்த பொன் நெடுங்காலம் இலண்டனுக்குச் சென்றது. சுரங்கம் மூடிய பின்னும் அவர்தம் வழியினர் இம்மண்ணில் உறைகின்றனர். வந்துபோவோர் என்னும் பாத்திரத்துக்குள் அவர் அடங்கார்.

எனவே கிறித்தவத் தமிழ் இலக்கியத்தின் 'தமிழ்மயமாதல்' பற்றிப் பேசும் ஆய்வுகள், பெத்லகேம் தமிழ் ஊராயிற்றா என்று வினவுவதோடு அமைதல் போதாது. அது தமிழூரின் எத்தெருவாயிற்று என்றும் வினவவேண்டும். குழந்தைக்கு நம் நிறத்தைத் தீட்டுதல் எளிது. சேரியில் பிறந்த குழந்தையாக அதனைப் பாடுதல், நம் இலக்கிய மரபு இன்னும் முழுமையாக ஏற்காத கடமை எனலாம்.