ரீல் கூட்டம் சேர்க்கும், கல்லா வேறிடத்தில்

சிறுதொழிலுக்கு எந்தச் சமூக ஊடகம் ஏற்றது என்று கேட்டால், பலரும் முதலில் பயனர் எண்ணிக்கையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தபோது சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் வாட்ஸ்அப்புக்கு 53 கோடி, யூடியூபுக்கு 44.8 கோடி, ஃபேஸ்புக்குக்கு 41 கோடி, இன்ஸ்டாகிராமுக்கு 21 கோடி, ட்விட்டருக்கு 1.75 கோடி பயனர்கள். சேலம் இளம்பிள்ளையில் சேலை விற்பவருக்கு இந்தக் கோடிகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வாங்கியவர் பொங்கலுக்கும் திரும்பி வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. பார்த்தவர் எந்த இடத்தில் ஆர்டர் போடுகிறார், போட்டவரின் எண் கடைசியில் யார் கையில் தங்குகிறது என்பவைதான் அவர் கேட்க வேண்டிய கேள்விகள். அப்படிக் கேட்டுப் பார்த்தால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே அடித்தளம் என்று ஆகிறது. மற்ற தளங்கள் எல்லாம் அங்கே ஆள் கொண்டுவந்து சேர்க்கும் வழிகள்.

2018 ஜனவரியில் வந்த இந்தச் செயலி இலவசம். சாதாரண வாட்ஸ்அப் இருக்கும் அதே போனில் இன்னொரு எண்ணைக் கொடுத்து இதை நிறுவிக்கொள்ளலாம். ஒரே எண்ணை இரண்டிலும் ஓட்ட முடியாது. தனி சிம் வாங்கும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். மைத்துனர் வீட்டுக் கல்யாணப் படங்களும் வாடிக்கையாளர் புகாரும் ஒரே வரிசையில் வந்தால், கண்ணில் படாமல் போவது புகார்தான். உள்ளே இருக்கும் வசதிகளில் அதிகம் உழைப்பது லேபிள். புதிய வாடிக்கையாளர், புதிய ஆர்டர், பணம் நிலுவை, பணம் செலுத்தியது, ஆர்டர் முடிந்தது என ஐந்து லேபிள்கள் தயாராகவே இருக்கின்றன. மொத்தம் 20 வரை வைத்துக்கொள்ளலாம். மாலையில் ‘பணம் நிலுவை’யை மட்டும் திறந்து பார்த்தாலே அன்றைய பாக்கி யார் யாரிடம் என்று தெரிந்துவிடும். ஆனால் ‘பணம் செலுத்தியது’ என்று மாற்றுவதற்கு முன் வங்கிக் கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்புவது ஆபத்து, போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது இன்று சிறுபிள்ளை வேலை. கூரியர் கட்டணம், ரிட்டர்ன் விதி போன்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவற்றைக் குவிக் ரிப்ளையாகச் சேமித்துவைத்தால், ஒரு சாய்கோடு அடித்ததும் வந்து நிற்கும். வரவேற்புச் செய்தியில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது புதியவருக்கு மட்டும் போவதில்லை, 14 நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு மீண்டும் எழுதுபவருக்கும் போகும். அதில் ‘எங்கள் கடைக்கு முதல்முறை வந்திருக்கிறீர்கள்’ என்ற தொனி இருந்தால், பல வருடமாக வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

கேட்டலாக் வசதியை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுகிறார்கள். அது யாருக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 2019இல் சேர்க்கப்பட்ட இதில் 500 பொருட்கள் வரை படம், விலை, விவரத்தோடு அடுக்கலாம். வாடிக்கையாளர் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டு மொத்தமாக ஒரே செய்தியாக அனுப்பலாம். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு என்று இருபது முப்பது பண்டம் விற்கும் வீட்டுத் தொழிலுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஒருமுறை ஏற்றினால் போதும், விலை ஏறும்போது மட்டும் திருத்தலாம். சேலைக் கடையின் கதை வேறு. ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு விதம், காலையில் ஏற்றியது மதியம் விற்றுப்போகும். விற்ற சரக்கைச் செயலி தானாகக் கழிக்காது. கையால் மறைக்க வேண்டும். மறந்தால், இல்லாத சேலைக்கு ஆர்டர் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜவுளிக்காரர்கள் பலர் கேட்டலாக்கைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, அன்றன்றைய சரக்கை ஸ்டேட்டஸில் போடுகிறார்கள் என்றால் அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே அழிந்துவிடும், பழைய சரக்கு கண்ணில் படாது.

வாட்ஸ்அப்தான் அடித்தளம் என்பதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. வாட்ஸ்அப் புது ஆளைக் கொண்டுவராது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான். மொத்தமாக அனுப்ப வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கான தனித் தளம் இருக்கிறது, 2025 ஜூலை முதல் அதில் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம். சிறு கடை அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே என்ற கட்டுப்பாடு குறை போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒரு வடிகட்டி. எண்ணைச் சேமித்தவர் மீண்டும் வாங்கும் எண்ணம் உள்ளவர். பார்சலுக்குள் ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு ஸ்டேட்டஸில் வரும்’ என்று ஒரு சீட்டு வைத்தால் ஆகும் செலவு சில காசுகள். ஆனாலும் முதல் பார்சல் போவதற்கே முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் வெளித்தளம்.

இன்ஸ்டாகிராமா, யூடியூபா? 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் அடுத்த மாதமே இந்தியாவில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. டிக்டாக்கை மட்டும் நம்பிக் கூட்டம் சேர்த்தவர்கள் ஒரே இரவில் அத்தனை ஃபாலோயர்களையும் இழந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது. ரீல்ஸ் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி. தள்ளுமுள்ளு அதிகம், நின்று விலை கேட்பவர் குறைவு, மறுநாள் தெரு காலி. லட்சம் பேர் பார்த்த ரீலைக் காட்டிப் பெருமைப்படுபவரிடம் அதில் எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று கேட்டால் பதில் இழுக்கும். அந்த இழுவைக்குக் கடைக்காரரும் ஒரு காரணம். விலையை மறைத்து ‘டி.எம். பண்ணுங்க’ என்று எழுதும் பழக்கம் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. விலையைப் படத்திலேயே போட்டு, முகப்பில் வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுப்பதே சரி, ஏனென்றால் பதிவுக்குக் கீழே எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது. யூடியூப் மெதுவாக வேலை செய்யும், ஆனால் நீண்ட நாள் வேலை செய்யும். மொத்த விலைச் சேலை என்று தமிழில் தேடும் ரீசெல்லர் முன்னால், நல்ல தலைப்போடு எப்போதோ ஏற்றிய வீடியோ இன்றும் வந்து நிற்கும். மொத்த வியாபாரத்துக்கு யூடியூப், நகை, பிளவுஸ் டிசைன், கேக் போன்று கண்ணால் வாங்கும் பொருளுக்கு இன்ஸ்டாகிராம். இரண்டில் ஒன்றை எடுத்து ஒழுங்காகச் செய்தால் போதும். ஃபேஸ்புக் பக்கத்தைப் பொறுத்தவரை, 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்த பிறகு கடைப் பதிவுகள் காசு கொடுக்காமல் கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. லிங்க்ட்இன் கோவை பம்ப் தயாரிப்பாளருக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கும் உதவும், ஊறுகாய்க்கு உதவாது.

எல்லாத் தளத்திலும் இருந்தால்தானே நல்லது, ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே என்பது இரண்டாவது மறுப்பு. ஐந்து தளங்களில் அரைகுறையாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. பதில் வராத கமெண்ட்டுகளும் போன வருட ஆடித் தள்ளுபடி அறிவிப்பும் தொங்கும் பக்கம், கடை மூடிவிட்டது என்றே பார்ப்பவரை நினைக்கவைக்கும். ஆனால் அந்த மறுப்பின் உள்ளே இருக்கும் அச்சம் சரியானது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஒரே முதலாளியுடையவை. 2021 அக்டோபர் 4 அன்று மூன்றும் சேர்ந்தே ஆறு மணி நேரத்துக்கும் மேல் முடங்கின. அதோடு, விதிமீறல் என்று சொல்லி வாட்ஸ்அப் இந்தியாவில் மாதந்தோறும் பல லட்சம் கணக்குகளை முடக்குகிறது. முன்பின் தெரியாதவர்களின் எண்களை விலைக்கு வாங்கிச் செய்தி தட்டிவிடுபவர்கள் அதில் மாட்டினால் பரிதாபப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக நடத்துபவரும் மாட்டினால், லேபிள், கேட்டலாக், பேச்சு எல்லாம் செயலிக்குள்ளேயே நின்றுவிடும். லேபிளோடு வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வெளியே வைத்துக்கொள்ள எளிதான வழி செயலியில் இல்லை, இதன் ஆகப் பெரிய குறை இதுதான். அப்படியொரு வழி வரும்வரை பெயர், ஊர், எண், கடைசியாக வாங்கியது என்ன என்ற நான்கு கட்டங்களை எக்செலிலோ ஒரு நீள நோட்டிலோ வாரம் தவறாமல் நிரப்பிவைக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு.