கேட்டு நடத்தும் கணினி: டெபியனில் ஆர்க்கா

திரையைப் பார்க்க இயலாமலே கணினியில் உத்தியோகம் நடத்துகிறவர்கள் ஒரு புதிய அமைப்பைப் பரீட்சிக்கும்போது எழுப்பும் முதற் கேள்வி, அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதன்று. வெறும் இயந்திரத்தில் அதை ஏற்றி முடிக்கும் காரியத்தைப் பிறர் கண்ணை இரவல் வாங்காமல் தாமே செய்துகொள்ள முடியுமா என்பதே. இந்தக் கேள்விக்கு டெபியன் 13 என்னும் கட்டற்ற இயங்குதளம் தரும் விடை எனக்குத் திருப்தியளித்தது. பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால், தொடக்கப் பட்டியல் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு ‘பீப்’ ஒலி கேட்கிறது. அப்போது எஸ் விசையையும் அடுத்து எண்டர் விசையையும் தட்டினால், சற்று நேர மௌனத்துக்குப் பின் ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி வாய் திறந்து, மொழி எது, தேசம் எது, வன்தட்டை எப்படிப் பங்கிடுவது என்று ஒவ்வொன்றையும் எண்ணிட்ட பட்டியலாக வாசித்து, நாம் எண்ணைத் தட்டக் காத்திருக்கிறது. (எல்லா மடிக்கணினிகளும் அந்தப் பீப் ஒலியை எழுப்புவதில்லை, அங்கே நிதானமாகக் கொஞ்சம் பொறுத்திருந்து அனுமானத்தின்பேரில் விசையைத் தட்டவேண்டியதுதான்.)

நிறுவி முடிந்தபின் க்நோம் மேசைத்தளத்தில் பேச்சுப் பொறுப்பை ஏற்பது ஆர்க்கா என்னும் திரைவாசிப்பான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில், பார்வையற்றவரான மார்க் மல்கஹி என்ற பொறியாளரின் முயற்சியில் பிறந்து, 2006-இல் க்நோம் 2.16 வெளிவந்தபோது அதனுடன் சேர்ந்துகொண்ட இந்த மென்பொருள், 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போய் ஆதரவு குன்றிய காலத்தில் அநாதையாகிவிடாமல், ஜோன்மேரி டிக்ஸ் என்ற அம்மையாரின் பராமரிப்பில் வளர்ந்து வந்திருக்கிறது.

இதன் குணதோஷங்களை நிர்ணயிக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆர்க்கா திரையைப் பார்ப்பதேயில்லை. ஒவ்வொரு நிரலும் தன்னிடமுள்ள பொத்தான், பட்டியல், எழுதுபெட்டி ஆகியவற்றின் பெயரையும் நிலையையும் ஏடி-எஸ்பிஐ என்ற பொதுவழியில் தெரிவிக்க, அதைக் கேட்டுப் பேச்சுப்பொறிக்கு அனுப்புவதே அதன் தொழில். ஆகவே, ஒரு நிரலை எழுதியவர் தம் பொத்தானுக்குப் படம் மட்டும் ஒட்டிப் பெயர் வைக்க மறந்திருந்தால், அங்கே போய் நிற்கும்போது வெறுமனே ‘பொத்தான்’ என்ற சொல்தான் காதில் விழும். ஒரு வங்கியின் இணையப் பக்கத்தில் கணக்கு விவரத்தைத் தேடியபோது இப்படிப் பெயரற்ற பொத்தான்கள் வரிசையாக நிற்க, எது பணத்தை அனுப்புவது, எது அச்சிடுவது என்று தெரியாமல் விரலைப் பின்னிழுத்துக்கொண்டேன். ஓலையில் எழுதாத சேதியைத் தூதன் எங்கிருந்து சொல்லுவான்? ஆர்க்காவின் பெயரில் சொல்லப்படும் புகார்களில் கணிசமானவை உண்மையில் பிறர் விலாசத்துக்குப் போகவேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

பெயர்கள் ஒழுங்காக இருக்குமிடத்தில் வேலை சுகமாக நடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் நீண்ட கட்டுரையொன்றைத் திறந்து எச் விசையைத் தட்டத் தட்டத் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். கே விசை இணைப்புகளுக்கு, டி விசை அட்டவணைகளுக்கு. இவையெல்லாவற்றிலும் நான் மெச்சுவது, எண்பலகையைக் கொண்டு திரையை வரிவரியாகத் தடவிப் பார்க்கும் வசதியை: எட்டு நிற்கும் வரியைச் சொல்லும், ஏழும் ஒன்பதும் முன்வரிக்கும் பின்வரிக்கும் போகும், ஐந்து சொல்லைச் சொல்லும், அதையே இருமுறை தட்டினால் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லும். இன்சர்ட் விசையுடன் எச் விசையைச் சேர்த்து அழுத்தினால் பயிற்சி நிலை தொடங்கி, எந்த விசையைத் தொட்டாலும் அதன் பிரயோஜனம் இன்னதென்று அறிவிப்பதால், புதியவர் பயப்படக் காரணமில்லை. லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதுவது சிரமமில்லை. பெரிய அட்டவணைகளில் மட்டும் பேச்சு சற்றுத் தயங்கி வருகிறது.

தமிழ்க் குரலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கவேண்டும். ஈஸ்பீக்கின் தமிழ் உலோகத்தட்டைச் சுரண்டினாற்போன்ற ஒலியுடையது. ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தையும் ‘பக்கம்’ என்பதில் வரும் ககரத்தையும் விதிப்படி வேறுபடுத்திச் சொல்லிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டென்றாலும், இரக்கத்துக்குரிய பாவத்தையும் நாட்டியத்தில் வரும் பாவத்தையும் பிரித்தறியும் விவேகம் அதற்கில்லை. தமிழ் வாக்கியத்தின் நடுவே ரோமன் எழுத்தில் ஒரு பெயர் வந்தால் திடீரென்று ஆங்கிலக் குரலுக்கு மாறி, பிறகு ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வரும். ஆயினும், வேகத்தை மிகவும் கூட்டிய பின்னும் அந்தக் குரலில் எழுத்துகள் குழம்புவதில்லை, விசையைத் தட்டியவுடன் தாமதமின்றிப் பேசுகிறது என்பதனால், நாள் முழுதும் உழைக்கிறவர்கள் இனிய குரலைவிட இதையே விரும்புவதில் ஆச்சரியமில்லை. நாவல் கேட்க இது உதவாது.

சமீப காலம்வரை பெரிய இடையூறாக இருந்தது வேலண்ட் என்னும் புதிய திரை ஏற்பாடு. ஒரு நிரல் மற்றொரு நிரலின் விசைகளை ஒட்டுக் கேட்பதைப் பாதுகாப்பை உத்தேசித்து அது தடுத்துவிட, எந்த நிரலில் இருந்தாலும் தன் கட்டளை விசைகளைக் கேட்டே தீரவேண்டிய திரைவாசிப்பானுக்கு அந்தத் தடை பெரும் சங்கடமாயிற்று. எண்பலகையில்லாத மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விசையைக் கட்டளை விசையாக்கும் ஏற்பாடு அங்கே சரிவர நடைபெறாமற் போனது. டெபியன் 13-இல் அடங்கியுள்ள க்நோம் 48 பதிப்பில் இதற்குப் பரிகாரம் செய்திருக்கிறார்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே மாறிக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் விண்டோஸ் மென்பொருள்களைக் கட்டாயமாகக் கையாளவேண்டியவர்கள் அதை விட்டுவிட்டு இங்கே குடியேறவேண்டும் என்று நான் சொல்லத் துணியேன். அவர்களுக்கு என்விடிஏ என்ற, இதுவும் கட்டற்றதான, திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எழுத்து, வாசிப்பு, கடிதப் போக்குவரத்து, நிரலெழுத்து இவற்றோடு நிற்கிறவர்கள், வீட்டில் உபயோகமற்று மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றிருந்தால், முதலில் அதில் ஏற்றிப் பழகிப் பார்க்கலாம்.