ஒட்டுச் சித்திரமும் புராணமும்

வெட்டி ஒட்டும் சித்திரக்கலை ஐரோப்பாவிற் பிறந்ததென்பர். 1912-ம் ஆண்டில் பிக்காஸோ, பிரம்பு நாற்காலியின் பின்னலை அச்சிட்ட மெழுகுத்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். பிரெஞ்சுக்காரர் இதனைக் 'கொலாஜ்' என்பர். ஒட்டுதல் என்பதே பொருள். ஆனால் யானைத் தலையை மானிட உடலிலும், சிங்க முகத்தை ஆடவன் தோளிலும் பொருத்திய நம் புராணிகரை என்னென்பது? அவர்க்குக் கத்தரியும் பசையும் இல்லாத குறை ஒன்றே.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தினின்று லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் வெளிப்போந்தனர். ஊர்தோறும் ஒரே முகம், ஒரே தாமரை. அப்படங்களின் ஆடைப்பகுதியில் மட்டும் பட்டுத்துணியும் சரிகையும் ஜிகினாவும் பதித்து, முகத்தையும் கைகளையும் அச்சாகவே விட்டனர் இல்லத்துப் பெண்டிர் பலர். அச்சு ஒன்றாயினும், ஒட்டியபின் ஒன்றைப்போல் மற்றொன்றில்லை. இக்காலத்தார் சிலரோ எதிர்வழி செல்கின்றனர். ஒரு தெய்வப்படத்தைப் பத்துப் படிகள் எடுத்து வரிசையாய் ஒட்டிவிட்டு, அதனைப் புதுமை என்கின்றனர். கிடங்கின் இருப்புக் கணக்குக்கும் அதற்கும் யாதொரு வேற்றுமையும், கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்குப் புலப்படவில்லை!

ஓர் உருவை மீண்டும் மீண்டும் காட்டுதற்குக் கதையே காரணமாதல் வேண்டும். இரக்தபீஜன் குருதியில் ஒரு துளி நிலத்தில் விழுந்தால் இன்னோர் அசுரன் எழுவான். ஆங்கே ஒரே உருவைத் தாள் நிறைய ஒட்டுவது அலங்காரமன்று, அச்சம். திரௌபதியின் துகிலும் அவ்வாறே. உரிக்க உரிக்க வளரும் சேலைக்குக் கிழித்த துணித்துண்டுகளை அடுக்கடுக்காய் ஒட்டுதலினும் பொருத்தமான முறை ஏது? ஆயினும் ஒட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். வழவழவென்று இழைத்து மறைத்தால், பார்ப்போர் கண்ணன் கருணையைக் கண்டு கைகூப்பிச் செல்வர். அவளைப் பணயம் வைத்தவன் எவன், வாய்மூடியிருந்த சபை எது என்னும் வினா எழாது.

இத்தகைய வினாவை எழுப்பும் துணிவைப் புரூக்ளினில் 1975-ல் பிறந்த சித்ரா கணேஷிடம் காண்கிறோம். 1967-ல் தொடங்கிய 'அமர் சித்திர கதா' படக்கதைகளின் உருவங்களை எடுத்து மாற்றி, வசனங்களைப் புதிதாய் எழுதி, 2002-ல் 'டேல்ஸ் ஆஃப் அம்னீஷியா'வை ஆக்கினார். அடக்கமே உருவான நாயகியர் ஈண்டு அடங்காதவராய் நிற்கின்றனர். நூறு முறை கண்டு பழகிய உரு நூற்றோராம் முறை மாறி வரவே திடுக்கிடுகிறோம். வசனங்கள் சில வெறும் புதிராய் நின்றுவிடுவது குறையே.

நாட்காட்டித் தெய்வங்களைச் சுவரெல்லாம் ஒட்டிய லயத்து வீடுகளில் வளர்ந்தோர்க்கு இக்கலையின் மூலப்பொருள் அயலன்று. அவர் கத்தரியை எடுக்குமுன், எம்முகத்தை எத்தனை முறை ஒட்டுவதென எண்ணட்டும். யாமாயின், திரௌபதியின் சபையில் பீஷ்மர் முகத்தையே நூறு முறை ஒட்டுவோம்.