வாயிலில் நின்றவரும் உள்ளே சென்றவரும்: பாஷோ, ஹெர்ன் பயண எழுத்துகளில் ஷிந்தோ வழிபாடு

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், ஷிந்தோ, பாஷோ, ஹெர்ன், சடங்கு, பங்கேற்பு

முன்னுரை

பிற நாட்டு வழிபாட்டிடங்களைப் பற்றிய பயண எழுத்தை மதிப்பிடுகையில், எழுதியவர் அங்குள்ள சடங்கில் எவ்வளவு தோய்ந்தார் என்பதையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கிறோம். வெளியில் நின்றவரைவிட உள்ளே சென்று வணங்கியவரே மெய்யாக அறிந்தவர் என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. ஜப்பானின் ஷிந்தோ ஆலயங்களுக்குச் சென்ற இருவரின் எழுத்துகள் இவ்வளவுகோலை ஐயுறச் செய்கின்றன. ஒருவர் அந்நாட்டுக் கவிஞர் மாட்சுவோ பாஷோ (1644–1694), அவர் தடுக்கப்பட்டார். மற்றவர் கிரேக்கத்தில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த லாஃப்காடியோ ஹெர்ன் (1850–1904), அவர் அனுமதிக்கப்பட்டார்.

இசேயில் பாஷோ

1684இல் தொடங்கிய பயணத்தைக் கூறும் 'நோசாரஷி கிகோ'வில், பாஷோ இசேயின் புற ஆலயத்துக்கு அந்திப்பொழுதில் செல்கிறார். மழித்த தலை, கழுத்தில் தொங்கும் பை, கையில் பதினெட்டு மணிகள் கோத்த மாலை. அவர் துறவியல்லர், ஆயினும் துறவிபோல் தோன்றியமையால் சந்நிதியை அணுக இசைவு கிட்டவில்லை. பௌத்தத் துறவியர் அங்கே அப்பால் நின்றே வழிபட வேண்டும் என்பது அக்கால மரபு. ஜப்பானியர் ஷிந்தோ தலத்தை 'ஜிஞ்ஜா' என்றும் பௌத்தத் தலத்தைத் 'தெரா' என்றும் பிரித்தழைப்பர். இரண்டையும் தமிழில் 'கோயில்' என்றே எழுதினால் இத்தடையின் காரணம் வாசகருக்கு மறைந்துவிடும்.

பாஷோ முறையிடவில்லை. இருளில் மங்கித் தெரியும் தோரண வாயில், ஆங்காங்கே விளக்கொளி, பைன் மரங்களில் வீசும் காற்று ஆகியவற்றைச் சொல்லி, நிலவற்ற இரவில் முதுமரமொன்றைப் புயல் தழுவும் காட்சியைக் கவிதையாக்குகிறார். சந்நிதிக்குள் நிகழ்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துறவியும் அல்லாத, உலகியலாரும் அல்லாத அலைந்து திரிபவர் என்னும் தன்னுருவை வலுப்படுத்த இத்தடை அவருக்குப் பயன்பட்டது என்பதை மறுக்க இயலாது. எனினும், காணாததைக் கண்டதாக அவர் எழுதவில்லை.

இசுமோவில் ஹெர்ன்

1890இல் ஆங்கில ஆசிரியராக மாட்சுவே நகருக்கு வந்த ஹெர்ன், கிட்சுகியிலுள்ள இசுமோ பேராலயத்துக்கு அறிமுகக் கடிதத்துடன் சென்றார். 1894இல் வெளிவந்த 'கிளிம்ப்சஸ் ஆஃப் அன்ஃபெமிலியர் ஜப்பான்' நூலில் அவ்வனுபவம் தனி இயலாக உள்ளது. உள்ளே அனுமதிக்கப்பட்ட முதல் ஐரோப்பியர் தாமே எனச் சொல்லப்பட்டதை அவர் பெருமிதத்துடன் பதிவுசெய்கிறார். கிட்சுகியைக் காண்பது ஷிந்தோவின் உயிர்மையத்தையே காண்பதாகும் என்னும் முடிவுக்கும் வருகிறார். மொழிபெயர்ப்புத் துணையோடு கண்ட ஒரு காட்சியைக் கொண்டு ஒரு சமயத்தின் சாரத்தை உரைப்பது மிகை. மேலும், மெய்ஜி அரசு 1868 முதல் ஷிந்தோவைப் பௌத்தத்திலிருந்து பிரித்துத் தன் ஆட்சிக்கு அரணாக்கிவந்த காலம் அது. ஹெர்னின் இயலோ அம்மாற்றத்தைவிடத் தொன்மையின் தொடர்ச்சியையே முதன்மைப்படுத்துகிறது.

இருப்பினும், அதே இயலில் அவருடைய முடிவைத் திருத்தும் பகுதியொன்றும் உண்டு. சந்நிதிக்கு எவ்வளவு அருகில் செல்லலாம் என்பது வருபவரின் சமூகத் தகுதியைப் பொறுத்தது. ஹெர்னின் தகுதி யாதென உடன்வந்த அகிராவிடம் வினவப்படுகிறது. அகிரா என்ன புகழ்ந்துரைத்தாரோ, ஹெர்ன் சாதாரண மனிதராகவே வைக்கப்படுகிறார். அயல்நாட்டு உடையில் தாம் நாகரிகமற்றவராக உணர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. உள்ளே சென்ற பின்னும் தொலைவு தொடர்கிறது என்பதை நேர்மையாகக் காட்டும் இப்பகுதியே இயலின் சிறந்த பகுதி.

முடிவுரை

இன்று ஜப்பான் செல்லும் பயணி நீர்த்தொட்டியில் கைகழுவி, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கலாம். இசுமோவில் நான்குமுறை தட்டுவது வழக்கம். 'எமா' என்னும் மரப்பலகையில் வேண்டுதல் எழுதலாம். இவை அயலாருக்கும் திறந்தவை. முறையறிந்து செய்வது விருந்தினர் காட்டும் மரியாதை. அதைப் போலி என ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், செய்ததனாலேயே பொருள் கைவந்துவிட்டதாகக் கருதும் எழுத்தைத் திறனாய்வு ஐயுற வேண்டும். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் இசே ஆலயத்தில், அந்நாட்டுப் பொதுமக்களும் வெண்திரைக்கு முன் நின்றே வணங்குகின்றனர். அங்கே தொலைவும் வழிபாட்டின் ஓர் உறுப்பு. ஆகவே, தனக்கு இடப்பட்ட எல்லையை எழுத்தாளர் எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்கிறார் என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஒருமுறை தடுக்கப்பட்ட பாஷோ, 1689இல் அப்புத்தாலய விழாவைக் காண இசே நோக்கிப் படகேறுவதோடுதான் 'ஓக்கு நோ ஹோசொமிச்சி' நிறைவுறுகிறது.